ரிச்சி தெருவில் ரெண்டு கிராம்

பட்டு வாங்கத் தி.நகர், பாத்திரம் வாங்கப் பாரிமுனைப் பக்கம், பழைய புத்தகத்துக்குத் திருவல்லிக்கேணி என்று சென்னையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏரியா உண்டு. ஒயர், பிளக், ஸ்பீக்கர், சிசிடிவி, லேப்டாப் என்று கரண்ட்டைத் தின்று உயிர் வாழும் எதுவாக இருந்தாலும் ரிச்சி தெருதான்.

அண்ணா சாலையில் கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். பறக்கும் ரயிலில் வருகிறவர்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கியும் நடக்கலாம். பைக்கில் வருகிறவர்கள் பார்க்கிங் தேடியே பாதி சனிக்கிழமையைக் கழிக்கலாம். பெயர்தான் ரிச்சி தெரு. உண்மையில் நரசிங்கபுரம் தெருவையும் சுற்றியுள்ள சந்துகளையும் சேர்த்து மொத்தமாக அந்தப் பெயரில் அழைக்கிறார்கள். ஒரு காலத்தில் ரேடியோ, டிரான்சிஸ்டர் உதிரி பாகங்களுக்குப் பேர் போன இடம். அப்புறம் டி.வி. வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, செல்போன் வந்தது. தெருவின் அகலம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பக்கத்திலேயே மீரான் சாகிப் தெரு. சினிமா விநியோகஸ்தர்களின் கோட்டையாக இருந்த இடம். ஒரு முழுப் படத்தின் பிலிம் பெட்டிகளைத் தூக்க ஆள் பலம் வேண்டும். இன்றைக்கு அதைவிட நீளமான படத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போட்டதையே மறந்துவிட்டு, சட்டையை லாண்டரிக்கும் போட்டுவிடலாம். அப்படிப்பட்ட ஒரு சாமானை வாங்கத்தான் போன மாசம் ஒரு சனிக்கிழமை நானும் என் மச்சினனும் போனோம். மெமரி கார்டு. 32 மில்லிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் அகலம், 2.1 மில்லிமீட்டர் தடிமன். எடை சுமார் ரெண்டு கிராம். இதுவே தங்கமாக இருந்தால் வீட்டிலிருந்து நாலு பேர் கூட வந்திருப்பார்கள்.

மச்சினன் பற்றி ஒரு வார்த்தை. திங்கள் முதல் வெள்ளி வரை கிண்டியில் ஒரு ஆபீஸில் எக்செல் ஷீட்டோடு போராட்டம். சனி, ஞாயிறு போட்டோகிராபர். வெளிநாடு போன நண்பனிடமிருந்து 24 மெகாபிக்சல் கேமரா ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கியிருந்தான். முதல் கல்யாண ஆர்டரும் கிடைத்துவிட்டது. திருப்போரூர் கோயிலில் முகூர்த்தம். அட்வான்ஸ் வாங்கியாச்சு. கார்டு மட்டும் இல்லை.

"மாமா, நீங்க பி.காம். பேரம் பேச வாங்க" என்றான்.

பி.காம். படிப்பில் பேரம் பேசக் கற்றுத் தருவதில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் எங்கள் குடும்பத்தில் யாரும் நம்புவதில்லை.

தெரு முனையிலேயே ஆரம்பித்துவிட்டது. "என்ன சார் வேணும்? லேப்டாப்பா? சர்வீஸா? கேமராவா? வாங்க சார், உள்ள வாங்க." ஒரு கடையைத் தாண்டினால் அடுத்த கடை. நடைபாதையில் ஒரு பலகை மீது கார்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி வைத்திருந்த ஒருவர், "128 ஜிபி! பாதி விலை! பாதி விலை!" என்று கூவிக்கொண்டிருந்தார். மச்சினனின் கால் தானாக நின்றது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பாதி விலைக்குப் பூசணிக்காய் வாங்கலாம், உள்ளே சொத்தையா என்று வீட்டில் வெட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கார்டை வெட்டிப் பார்க்க முடியாதே.

விசாரித்து வைத்திருந்த கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ரெண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில். உள்ளே முப்பது வயசுக்குள் ஒரு கடைக்காரர். கண்ணாடி போட்டு, வாத்தியார் மாதிரி இருந்தார். வாத்தியார் மாதிரியே கேள்வியும் கேட்டார்.

"என்ன கேமரா? போட்டோவா, வீடியோவா? ரெண்டுமா? ஸ்லாட் ஒண்ணா, ரெண்டா?"

மச்சினன் முழித்தான். "எதா இருந்தாலும் ஃபாஸ்டா உள்ளதா குடுங்கண்ணா."

"மண்டபத்துக்குப் போய், எத்தனை பேர் சாப்பிடப் போறாங்கன்னு தெரியாம, 'நல்லா சமைங்க'ன்னு சொன்னா ஆச்சா தம்பி?"

இப்படி ஆரம்பித்த பாடத்தை, எனக்குப் புரிந்த பாஷையில் உங்களுக்குத் தருகிறேன்.

கார்டின் மேல் கொட்டை எழுத்தில் 170, 200 என்று ஒரு எண் இருக்கும். விநாடிக்கு அத்தனை மெகாபைட் என்று அர்த்தம். அது கார்டிலிருந்து கம்ப்யூட்டர் படிக்கும் வேகம். அதிலும் முன்னால் ஒரு 'அதிகபட்சம்' பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். படம் எடுக்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம். அதற்கான உத்தரவாதம் மூலையில் சின்னதாக, கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கும்.

ஆபீஸ் நண்பர்களுக்கு இது எளிதில் புரியும். கொட்டை எழுத்து எண் என்பது அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கும் சி.டி.சி. மூலையில் இருக்கும் குறிதான் மாசக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம். எதை நம்பிக் கடன் வாங்குவது என்று உங்களுக்கே தெரியும்.

அந்தக் குறிகள் மூன்று வகை. 'சி' என்ற எழுத்துக்குள் 10 என்றிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 10 மெகாபைட் எழுதும். 'யு' என்ற எழுத்துக்குள் 1 என்றால் அதே 10. 3 என்றால் 30. 'வி' வரிசை வீடியோவுக்கானது. வி 30 என்றால் 30, வி 60 என்றால் 60, வி 90 என்றால் 90. ஒரே கார்டில் மூன்றும் இருக்கும். சி 10, யு 3, வி 30 என்று வரிசையாகப் பார்த்து, ஏதோ மூன்று பட்டம் வாங்கிய கார்டு என்று நினைக்க வேண்டாம். பி.காம்.காரனைப் பட்டதாரி என்றும், டிகிரி ஹோல்டர் என்றும் ரெண்டு தடவை சொல்வது மாதிரிதான்.

"ஏ 1, ஏ 2ன்னு ஒண்ணு போட்டிருக்கே?" என்றேன், எனக்கும் கண் தெரிகிறது என்று காட்டிக்கொள்ள.

"அது போன்ல ஆப் ஓடுறதுக்கு சார். கேமராவுக்கு அதால பிரயோஜனம் இல்ல."

மச்சினன் விடவில்லை. "அண்ணா, நான் 4கே வீடியோ எடுப்பேன். 100 எம்பி வேகம்னு கேமராவுல போட்டிருக்கு. வி 30 தாங்காதே? வி 90 வேணும்ல?"

கடைக்காரர் சிரித்தார். அந்த 100 மெகாபைட் அல்ல, மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான். வி 30 தாராளமாகத் தாங்கும். இந்த ஒரு எழுத்துக் குழப்பத்தில் ரெண்டு மடங்கு, மூணு மடங்கு விலை கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையவாம். வகுத்தல் கணக்கு தெரிந்ததால் எங்களுக்குப் பணம் மிச்சம். பி.காம். வீண் போகவில்லை.

அப்படியானால் அதிவேகக் கார்டு யாருக்கு? பறவை, கிரிக்கெட் என்று ஓடுகிறதையும் பறக்கிறதையும் எடுப்பவர்களுக்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் ரா ஃபைல் ஒன்று ஏறக்குறைய 30 மெகாபைட் வரும். விநாடிக்குப் பத்துப் படம் சுட்டால் 300 மெகாபைட். கார்டு அவ்வளவையும் உடனே விழுங்காது. கேமராவுக்குள் பஃபர் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் போய் நிற்கும். கல்யாணப் பந்தி மாதிரி. உள்ளே சாப்பிடுகிறவர்கள் எழுந்தால்தான் நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்கள் உட்கார முடியும். அங்கேயும் நிற்க இடமில்லை என்றால் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். கேமராவும் அப்படித்தான், கொஞ்ச நேரம் படம் எடுக்காது. நல்லவேளையாக மாப்பிள்ளை விநாடிக்குப் பத்துத் தடவை தாலி கட்டுவதில்லை.

இன்னொரு சங்கதி. சில கார்டுகளின் முதுகில் தங்க நிறத் தகடுகள் ரெண்டு வரிசையாக இருக்கும். யு.எச்.எஸ். 2 என்று பெயர். விநாடிக்கு 312 மெகாபைட் வரை போகும் பாதை. ஒரு வரிசை மட்டும் இருப்பது யு.எச்.எஸ். 1, அதன் உச்சம் 104. ரெண்டு வரிசைக் கார்டை ஒரு வரிசைக் கேமராவில் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஒரு வரிசை வேகத்தில்தான். ஆறு வழிச் சாலையில் ஓடவேண்டிய காரை ரிச்சி தெருவில் ஓட்டுவது மாதிரி.

இங்கே மச்சினன் 128 ஜிபி கேட்க, கடைக்காரர் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்போதுதான் அவர் வந்தார்.

அறுபது வயசிருக்கும். வேஷ்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை. பைக்குள் ஒரு கவர், கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் பஞ்சு சுற்றி ஒரு மெமரி கார்டு. ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் கொண்டு வருவது போல் ஜாக்கிரதையாக நீட்டினார்.

"தம்பி, இதுல படம் தெரியமாட்டேங்குது. பாருங்களேன்."

பொண்ணுக்கு வளைகாப்பு. பக்கத்து வீட்டுப் பையன் கேமராவில், இவர் வாங்கிக் கொடுத்த 128 ஜிபி கார்டைப் போட்டு எடுத்திருக்கிறான். கார்டு வாங்கியது எங்கே என்று கேட்டதற்கு, ஒரு நடைபாதையைச் சொன்னார். கம்ப்யூட்டரில் போட்டால் ஃபைல் பேரெல்லாம் வரிசையாக இருக்கிறது. திறந்தால் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறம்.

கடைக்காரர் கார்டைச் சொருகி, ஏதோ ஒரு புரோகிராமை ஓட்டினார். நாங்கள் மூணு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஐயா, இது 128 இல்லீங்க. 8 ஜிபிதான்."

விஷயம் இதுதான். கார்டுக்குள் நினைவுச் சில்லோடு ஒரு குட்டிக் கணக்குப்பிள்ளையும் உண்டு. கன்ட்ரோலர் என்று பெயர். கேமரா கேட்டால், 'இடம் இவ்வளவு இருக்கிறது' என்று சொல்வது அதுதான். அந்தக் கணக்குப்பிள்ளைக்கு லஞ்சம் கொடுத்த மாதிரி, 8-ஐ 128 என்று சொல்லும்படி மாற்றி எழுதிவிடுகிறார்கள். கேமராவும் நம்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். உண்மையான இடம் தீர்ந்ததும், வருகிற படங்கள் ஒன்று பழைய படத்தின் மேல் விழும், இல்லையென்றால் எங்கேயும் விழாது. கேமராவில் ஒரு எச்சரிக்கையும் வராது. பேரேட்டில் பெயர் இருக்கும், பெட்டியில் பணம் இருக்காது.

"எதாச்சும் சாஃப்ட்வேர் போட்டு எடுக்க முடியாதா தம்பி? காசு எவ்ளோ ஆனாலும் பரவால்ல."

"தப்பா டெலீட் பண்ணியிருந்தா எடுத்துடலாம் ஐயா. டெலீட் பண்ணா பேரு மட்டும்தான் போகும், படம் உள்ளயேதான் இருக்கும். மேல வேற படம் எடுக்காம கொண்டாந்தா பெரும்பாலும் கிடைச்சிடும். இது அப்படி இல்லீங்க. எழுதவே இல்லையே."

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். "என் அம்மா வந்திருந்தாங்க சார். நாலு தலைமுறையா உக்காந்து ஒரு படம் எடுத்தோம். போன மாசம் தவறிட்டாங்க. அத பெருசா போட்டு மாட்டலாம்னு..."

அந்தச் சந்தில் அவ்வளவு சத்தத்திலும் எங்கள் மூணு பேர் மட்டும் வாயடைத்து நின்றோம். மச்சினன் கையிலிருந்த கார்டை மெதுவாக மேஜை மேல் வைத்தான்.

கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல், நன்றாக இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். வாழை மரம் கட்டுவது. கோலம். பந்தல். சமையல்காரர் கரண்டியோடு. வளையல் தட்டு. எல்லாம் காலையில் எடுத்தவை. நூறு படங்களுக்கு மேல் தாண்டியிருக்கும். திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டி பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். கேமராவைப் பார்க்கவில்லை. யாரிடமோ என்னமோ சொல்லிச் சிரிக்கிறார்.

"நிறுத்துங்க தம்பி" என்றார் பெரியவர்.

நாலு தலைமுறைப் படம் கிடைக்கவில்லை. இது ஒன்றுதான் கிடைத்தது. ஒரு புது பென் டிரைவில் போட்டுக் கொடுத்து, டிரைவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார் கடைக்காரர். பெரியவர் அதையும் பஞ்சில் சுற்றிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் மச்சினன் பேரமே பேசவில்லை. "அண்ணா, நீங்களே சொல்லுங்க" என்றான்.

"128 ஒண்ணு வேணாம். 64 ரெண்டு எடுத்துக்க. உன் கேமராவுல ஸ்லாட் ஒண்ணுதான். முகூர்த்தம் ஒரு கார்டு, ரிசப்ஷன் ஒரு கார்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும்."

வெளியூர் போகும்போது பணத்தை நாலு இடத்தில் பிரித்து வைக்கச் சொல்வார்களே அம்மாக்கள், அதே தத்துவம். ரெண்டு ஸ்லாட் உள்ள கேமரா என்றால் இன்னும் சௌகரியம். ஒவ்வொரு படத்தையும் ரெண்டு கார்டிலும் எழுதச் சொல்லிவிடலாம்.

64 போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜேபெக் படம் ஒன்று 10 மெகாபைட் என்று வைத்தாலும் 6,000 படத்துக்கு மேல். ரா என்றால் ரெண்டாயிரம். 4கே வீடியோ என்றால் சுமார் 85 நிமிஷம். ஒரு காலத்தில் 36 படம் உள்ள பிலிம் ரோல் ஒன்றில் ஒரு நிச்சயதார்த்தத்தையே முடித்திருக்கிறார்கள் என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டரில் சொருகியதும் 64 ஜிபி கார்டு 59.6 என்றுதான் காட்டும். மச்சினன் பதறினான். இது மோசடி இல்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார்கள். விண்டோஸ் 1024, 1024-ஆக வகுக்கிறது. ரெண்டு பேர் தராசும் வேற வேற. அவ்வளவுதான்.

கேமரா பழசாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 32 ஜிபி வரை உள்ள கார்டுகள் எஸ்.டி.எச்.சி. ரகம், 2006-ல் வந்தவை. அதற்கு மேல் 2 டெராபைட் வரை எஸ்.டி.எக்ஸ்.சி., 2009-ல் வந்தவை. அந்த வருஷங்களுக்கு முந்தைய கேமரா பெரிய கார்டை ஏற்றுக்கொள்ளாமல் போகலாம். மேனுவலைப் பார்த்துவிட்டு வாங்குவது உத்தமம். கேமராவோடு வரும் மேனுவலை யாராவது படிப்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னார். 1984-ல் ஜப்பானின் தோஷிபா கம்பெனியைச் சேர்ந்த புஜியோ மசுவோகா என்ற என்ஜினீயர் இந்த ரக நினைவுச் சில்லை உலகத்துக்குக் காட்டினார். மொத்தத் தகவலையும் சட்டென்று ஒரே வீச்சில் அழிக்க முடிகிறதே, கேமரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறதே என்று கூட வேலை பார்த்தவர் சொல்லப்போய், ஃபிளாஷ் மெமரி என்றே பெயர் வந்துவிட்டதாம். சேர்த்து வைக்கிற சாமானுக்கு அழிக்கிற குணத்தை வைத்துப் பெயர்! பெரியவரை நினைத்துக்கொண்டேன்.

படியிறங்கும் முன் அவர் சொன்னதை மச்சினன் போனில் குறித்துக்கொண்டான். உங்களுக்கும் ஆகும்:

பில், வாரண்டி இல்லாமல் கார்டு வாங்காதே. வாங்கியதும், கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவசப் புரோகிராம் ஒன்றை ஓட்டிவிடு. விசேஷத்துக்கு முந்தின நாள் அல்ல, கடையில் மாற்றித் தரும் கெடுவுக்குள். கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் பண்ணு. சிவப்பு விளக்கு மினுக்கும்போது கார்டை உருவாதே. படம் தெரியவில்லையா, அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதே. பக்கத்திலிருக்கும் பூட்டு பட்டனை நம்பாதே. அது வெறும் பிளாஸ்டிக், கேமரா பார்த்து மதித்தால்தான் உண்டு. கடைசியாக, கார்டு பீரோ அல்ல. அன்றைக்கு ராத்திரியே ரெண்டு இடத்தில் காப்பி எடு.

திருப்போரூருக்கு நானும் போயிருந்தேன், சாப்பாட்டுக்காக. மச்சினன் ரெண்டு கார்டையும் முழுசாகச் சோதித்து, ஒன்று, ரெண்டு என்று ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தான். முகூர்த்தத்துக்கு அரை மணி இருந்தது. பொண்ணு ரூமிலிருந்து வரவில்லை. மாப்பிள்ளை டென்ஷனாக இருந்தார். இவன் நேராகப் போனது தூணோரம் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த பொண்ணின் பாட்டியிடம். "பாட்டி, இங்க பாருங்க" என்றான். பொக்கை வாய்ச் சிரிப்பு. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒன்று. அக்காவைக் கூப்பிட்டு, அவள் குழந்தையைப் பாட்டி மடியில் வைத்து ஒன்று. எண்ணிப் பார்த்தேன். நாலு தலைமுறை.

ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ரெண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி எடுத்தான். எல்லாப் படமும் இருந்தது. தாலி கட்டுவது, மெட்டி போடுவது, மொய்க் கவரை நீட்டிக்கொண்டே கேமராவைப் பார்க்கும் என் முகம் உட்பட.

மறுநாள் காலை பொண்ணின் அப்பா போன் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, ஆல்பம் எப்போ?"

அதற்கு மட்டும் சி, யு, வி என்று எந்தக் குறியும் இன்னும் வரவில்லை.